நூற்று நாற்பது மீட்டர்

ரதோவன்தான் கண்டுபிடித்தான்.
மணிக்கட்டில் புதுக் கடிகாரம், செயற்கைக்கோளோடு பேசுமாம்.
யவோரெக் தேவாலயத்தில் தொடங்கி
நாலு ஊர் சுற்றி
அதே படிக்கட்டில் வந்து விழுகிற
எங்கள் பத்துக் கிலோமீட்டர்
பத்து இல்லையாம்.
ஒன்பதாயிரத்து எண்ணூற்று அறுபதாம்.

பதினோரு வருஷமாக
நாங்கள் எல்லோருமே
கொஞ்சம் வேகமானவர்களாக இருந்திருக்கிறோம்.

என் குளிர்பெட்டிக் கதவில்
காந்தத்துக்கு அடியில் ஒரு காகிதம்: 49:41.
ஐம்பதுக்குள் நான் வந்த ஒரே ஓட்டம்.
அன்றிரவு பால் எடுக்கக் கதவைத் திறந்தபோது
பார்க்காத மாதிரி அதைப் பார்த்தேன்.

மறுநாள் விடியுமுன்
சாலைத்துறையில் இரவல் வாங்கிய அளவுச் சக்கரத்தோடு கிளம்பினேன்.
ஒரு சுற்று, ஒரு மீட்டர், ஒரு டிக்.
இருபுறமும் பிளம் மரங்கள்.
யாருக்கும் சொந்தமில்லாத மரம்,
அதனால் யாரும் பொறுக்காத பழம்.
தாரில் விழுந்து நசுங்கி, பாதி சாராயமாகி,
சக்கரத்தில் ஒட்டிக்கொண்டு கூடவே வந்தது.
குளவிகளும் வந்தன.

லிப்கொவ் மேட்டை
வரைபடம் மேடு என்று ஒப்புக்கொள்வதில்லை.
என் தொடை ஒப்புக்கொள்ளும்.
அறுத்த பார்லித் தாளுக்குள்ளிருந்து ஒரு முயல்
நான் நடப்பதைப் பார்த்துவிட்டு
ஓடாமல் உட்கார்ந்திருந்தது.

ஒலெஷ்னாவில் கம்பத்து ஒலிபெருக்கி கரகரத்தது.
முதலில் வழக்கமான பித்தளை வாத்தியம், அரை நிமிஷம்.
பிறகு:
நாளை ஒன்பது மணிக்குக் குளக்கரையில்
முட்டைக் கோழிகள் விற்பனைக்கு வரும்.
சக்கரம் உருட்டும் அம்மாளுக்கு ஓர் அறிவிப்பு:
வாத்துகளைத் திறந்துவிட்டாயிற்று.

விட்ட இடத்தை எங்கே சேர்ப்பது?
ஓத்மரின் மதுக்கடையில் கூடினோம்.
என் கடையை ரெண்டு சுற்று சுற்றட்டும், என்றான் ஓத்மர்.
ஒலெஷ்னாவில் கூட்டினால் மேஜை நாற்காலி தரமாட்டோம், இது லிப்கொவ்.
கல்லறைத் தோட்டத்தைச் சுற்றி வரலாமே, என்றார் பாதிரியார்.
அவசரமில்லை, என்றோம்.

குளத்தை நோக்கி எழுபது போய்
எல்லைக்கல்லில் திரும்பி
எழுபது வரலாம் என்றேன் நான்.
அந்த மண்பாதையில் யாருக்கும் லாபமில்லை.
ஆகவே எல்லோரும் கைதூக்கினார்கள்.

ஹெத்விகாவின் முதுகு எனக்கு மனப்பாடம்.
ஏழாவது கிலோமீட்டரில் இடது தோள் சரியும்.
தலைமுடியைக் கட்டிய ரப்பர் வளையம்
ஒவ்வொரு வருஷமும் வேறு நிறம்.
எனக்கு எப்போதும் முப்பதடி முன்னால் அவள்.
எங்கள் பாதாமித் தோட்டங்களுக்கு நடுவே
ஒன்றரை மீட்டர் நிலம்.
அது யாருடையது என்று
நாலு வருஷமாக வக்கீல்கள் மூலமே பேசிக்கொள்கிறோம்.

போட்டி நாள். நல்ல வெயில்.
மண்பாதையில் நான் இறங்க,
அவள் கல்லைச் சுற்றித் திரும்ப,
பதினோரு வருஷத்தில் முதல்முறையாக
ஓடும் ஹெத்விகாவுக்கு
முகம் வந்தது.

சிவந்து, வாய் பிளந்து,
புருவத்தில் உப்பு வெளுத்து,
நான் நினைத்திருந்த மாதிரி
சுலபமாக ஓடுகிற முகமாக
இல்லவே இல்லை.

கடக்கும்போது சொன்னாள்:
கல்லோரம் வழுக்குது.

பதில் சொல்ல மூச்சில்லை.
அகலமாக வளைந்து திரும்பினேன்.
எனக்குப் பின்னால் வந்த தபால்காரரிடம்
நானும் அதையே சொன்னேன்:
கல்லோரம் வழுக்குது.
அவருக்குப் பின்னால் யாரோ யாரிடமோ சொல்வது
தண்ணீரின் மேல் கேட்டது.

50:33.
பழைய காகிதத்தை எடுக்கவில்லை.
காந்தத்துக்கு ரெண்டு தாளைத் தாங்கும் பலம் உண்டு.

அக்டோபரில் வழக்கு. தேதி மாறவில்லை.
சக்கரம் இன்னும் என் கொட்டகையில்தான் நிற்கிறது,
பிளம் சாறு காய்ந்து பிசுபிசுத்து.
ஒன்றரை மீட்டர் என்பது
இதற்கு
ஒன்றரைச் சுற்று.